கருநாக்கு

மாஸ்டர் முதன்முதலாக என் மைக்கைக் கையில் வாங்கியபோது செம்மேட்டு மைதானத்தின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கபடிப் போட்டியின் இறுதி ஆட்டம். வர்ணனைக்கு ஏற்பாடு செய்திருந்த ஆள் நாமக்கல்லிலிருந்து வர வேண்டியவர். வளைவு ரோட்டில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதால் பஸ் நகரவில்லை என்று போன் செய்துவிட்டார். பேச ஆளில்லாமல் என் ஸ்பீக்கர் பெட்டிகள் சும்மா இரைந்துகொண்டிருந்தன. அப்போது கூட்டத்தில் மப்ளர் சுற்றி நின்றிருந்த ஒருவரை இரண்டு பேர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மைக்கை வாங்கியவர் எல்லோரையும் போல ஊதிப் பார்க்கவில்லை, ஹலோ சொல்லவில்லை. ஒரு நிமிடம் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னார்: "பச்சை பனியன் தம்பிக்கு வலது முட்டி சரியில்லீங்க. மறைச்சுக்கிட்டு ஆடறாரு. அடுத்த தடவ பாடிப் போனா உக்காந்துருவாரு."

பச்சை பனியன் பாடிப் போனான். யாரும் அவனைத் தொடவில்லை. திரும்புவதற்காகக் காலை ஊன்றினான், முட்டி மடங்கியது, அப்படியே உட்கார்ந்துவிட்டான். கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த எட்டு ஒலிபெருக்கிக் குழாய்களிலும் மாஸ்டரின் மூச்சு மட்டும் கேட்டது.

நான் காரவள்ளிக்காரன். மலையேறும் ரோடு எங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. முப்பது வருடமாக ரேடியோ செட் வைத்துப் பிழைக்கிறேன். மலைமேல் காதுகுத்தோ, கருமாதியோ, கோயில் நோம்பியோ, கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் குழாய் கட்டப் போகிறவன் நான்தான். எத்தனையோ குரல்கள் என் பெட்டிகளின் வழியாகப் போயிருக்கின்றன. அழுகிற குரலும் ஓட்டுக் கேட்கிற குரலும் எனக்கு ஒன்றுதான். சத்தம் கிழியாமல் போகிறதா என்று மட்டும் பார்ப்பேன். மாஸ்டரின் குரலை மட்டும் அப்படிக் கேட்க முடிந்ததில்லை. அவர் பேசினால் பெட்டியைக் கவனிப்பதை விட்டு ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

அவர் மலைமேல் வாழவந்தி நாட்டைச் சேர்ந்தவர்; அங்கே சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். இளவயதில் ராணுவத்துக்குப் போய் அங்கே குத்துச்சண்டை பழகினார். திரும்பி வந்த பிறகு மலைக்குக் கீழே பல வருடம் பயிற்சியாளராக இருந்தார். மாஸ்டர் என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. நல்ல பெயர் எடுத்தவர், திடீரென்று ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலைக்கு வந்து மிளகுக் கொடியும் காப்பியும் பார்க்கத் தொடங்கினார். ஏன் விட்டார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை நிகழ்ச்சி முடிந்து என் வண்டியில் கீழே இறங்கும்போது அவராகவே சொன்னார். ஒரு பெரிய போட்டியின் கடைசிச் சண்டையில் அவருடைய சீடன் புள்ளிகளில் முந்தியிருந்தான். இன்னும் அரை நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும், பதக்கம். ஆனால் அவன் கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. வலப்பக்கத்திலிருந்து வரும் அடிகளை அவன் பார்க்கவே இல்லை. பயிற்சியாளர் துண்டை ரிங்குக்குள் வீசினால் சண்டை அங்கேயே நின்றுவிடும். துண்டு அவர் தோளில் கிடந்தது. அரை நிமிடம்தானே என்று அவர் பொறுத்தார். பையனுக்குப் பதக்கம் கிடைத்தது. வலது கண் போய்விட்டது.

"அதுக்கப்பறம் துண்ட எடுத்துத் தோள்ல போடவே பயமாப் போச்சுங்க," என்றார். "பாக்கறது எனக்கு வரும். நிறுத்தறதுதான் வர்றதில்ல."

அன்றைக்கு நான் அதைத் தன்னடக்கமான பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். வண்டி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் அவர் கை முன்கம்பியை இறுகப் பிடித்திருந்தது இப்போது ஞாபகம் வருகிறது.

கபடி ஆட்டத்தில் பேசியதை யாரோ போனில் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்துப் போட்டிகளுக்கெல்லாம் அவரையே கூப்பிட்டார்கள். அப்புறம் சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் அழைத்தார்கள்; குத்துச்சண்டைப் போட்டிகளைத் தமிழில் வர்ணிக்க விஷயம் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. மாதத்தில் பத்து நாள் அங்கே போய்விடுவார். மலையில் கேபிள் இருந்த வீடுகளிலெல்லாம் கூட்டம் கூடிப் பார்த்தது. மற்ற வர்ணனையாளர்கள் அடி விழுந்த பிறகு கத்துவார்கள். இவர் அடி விழுவதற்கு முன்னால் அமைதியாகச் சொல்லுவார். "இடது கை இறங்குது. இன்னும் கொஞ்சம் இறங்கும். இப்ப வரும் பாருங்க." வரும். ஆள் விழுவான். பார்ப்பவர்களுக்கு அது பெரிய வேடிக்கை. அவர் சொல்வதும் ஆள் விழுவதும் மட்டுமே ஒட்டிய துண்டுப் படங்கள் எல்லோர் போனிலும் ஓடின.

வேடிக்கை எப்போது பயமாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. பெரக்கரை நாட்டில் ஒரு கல்யாணப் பந்தலில் அவர் பெண்ணின் தாத்தாவைப் பார்த்து, "பெரியவருக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் நான்காம் நாள் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. கருநாக்கு. டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் மிளகு காய்ப்பைப் பற்றிய பேச்சை மாற்றிவிடுவார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்கள் முந்தானையால் அதன் முகத்தை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போவார்கள். அவருக்கு அது தெரியும்.

"நாஞ் சொல்றதால விழறதில்லீங்க ரேடியோக்காரரே," என்றார் என்னிடம். "விழப்போறதாலதான் சொல்றேன். இதச் சொன்னா எவன் நம்பறான்?"

நம்புகிறேன் என்று சொன்னேன். முழுக்க நம்பவில்லை என்பதுதான் உண்மை. படிக்காதவன் இல்லை நான். கரண்டையும் வயரையும் நம்பிப் பிழைக்கிறவன். இருந்தும், அவர் என் வண்டியில் ஏறினால் என் உடம்பைப் பற்றியோ வண்டியைப் பற்றியோ எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் ஓட்டுவேன். சென்னையில் ஒருநாள் ஒரு வீரனின் தகப்பனார் ஸ்டுடியோ வாசலில் காத்திருந்து அவர் காலில் விழுந்தாராம். என் மகனைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள் என்று அழுதாராம். இதைச் சொல்லும்போது மாஸ்டர் சிரிக்க முயன்றார். வரவில்லை. "ராத்திரி பூரா தூக்கமில்லீங்க. அந்தப் பையன் நல்லா ஆடுனான். ஜெயிச்சுட்டான். இருந்தாலும் நான் பேசவே பயந்துட்டேன். வாயத் தெறந்தா அவுங்கப்பன் மூஞ்சிதான் வருது."

எனக்கு ஒரே அக்கா, காரவள்ளியிலேயே இருக்கிறாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். மாமா சீக்கிரமே போய்விட்டார். அக்கா கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய் ஒரே மகனை வளர்த்தாள். அவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வெல்டிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். டிவியில் மாஸ்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை மலைக்குக் கூட்டிப்போய் மாஸ்டரின் முன்னால் நிறுத்தினேன். அவர் அவனை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார். "நல்ல கைங்க," என்றார். பிறகு தலையை ஆட்டினார். "பழக்கறதெல்லாம் விட்டாச்சுங்க. இப்பப் பேசறதோட சரி. வேற நல்ல ஆளாப் பாத்துச் சேத்து விடுங்க." அவன் முகம் சுருங்கிப்போயிற்று. கீழே டவுனில் ஒரு ஜிம்மில் சேர்ந்து பழகினான். மாஸ்டரிடம் பழகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஊர் விளையாட்டுக் குழுவினர் மலைமேல் முதன்முறையாகக் குத்துச்சண்டைப் போட்டி நடத்தினார்கள். கீழ் ஜில்லாக்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ரேடியோ செட் நான். வர்ணனை மாஸ்டர். சண்டை போடுகிறவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். போட்டிக்கு முந்தின நாள் காலை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"கண்ணு, நீ அந்த மனுசங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்," என்றாள்.

"என்னக்கா?"

"என்ற பையனப் பத்தி மட்டும் அவரு வாயத் தெறக்க வேண்டாம். நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். பேசாம இருந்தாப் போதும்."

"அதெல்லாம் மூட நம்பிக்கைக்கா."

"இருக்கட்டும்டா. எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. நீ சொல்றியா, நான் போய் அவரு கால்ல விழட்டுமா?"

நான் சொன்னேன். மைதானத்தில் குழாய் கட்டிக்கொண்டே சொன்னேன், பெரிய விஷயமில்லை என்பதைப் போல. மாஸ்டர் என் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு, "சரிங்க," என்றார். "ஸ்கோர் மட்டும் சொல்லிட்டு உட்டர்றேன். தாய் கேக்கறாங்க, அப்பறம் என்ன?"

மறுநாள் மதியத்துக்கு மேல் நல்ல கூட்டம். பள்ளிக்கூடத்துச் சுவர்மேலெல்லாம் ஆட்கள். அக்கா வரவில்லை, வீட்டில் விளக்கேற்றி வைத்து உட்கார்ந்திருந்தாள். ரிங்கிலிருந்து பத்தடி தள்ளி மேசை போட்டு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் சற்றுத் தள்ளி, மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் என் மிக்சர். தலையில் ஹெட்போன் மாட்டியிருந்தேன். வெளியே சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மைக்கில் பேசுவது என் காதில் தனியாகக் கேட்கும்.

அக்கா மகன் ரிங்கில் ஏறும்போது கீழ்க்கயிற்றில் கால் தட்டியது. சமாளித்துக்கொண்டான். முதல் ரவுண்டில் அவன் கைதான் ஓங்கியிருந்தது. கூட்டம் அவன் பக்கம். மாஸ்டர் சொன்னபடியே ஸ்கோரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. அவன் தன் மூலைக்குப் போகாமல் எதிராளியின் மூலையை நோக்கி நடந்தான். நடுவர் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

பத்து நாளுக்கு முன்னால் ஜிம்மில் பழகும்போது அவன் தலையில் பலமாக ஓர் அடி வாங்கியிருந்தான் என்பதும், அன்றிலிருந்து தலைவலி என்பதும், போட்டியில் சேர்க்கமாட்டார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான் என்பதும் பின்னால் தெரிந்தது. அந்த மைதானத்தில் அது அவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மாஸ்டர் மட்டும் பார்த்துவிட்டார்.

இரண்டாவது ரவுண்டு பாதியில் அவர் பேசத் தொடங்கினார். "தம்பிக்கு இடது கால் லேட்டா வருதுங்க." எட்டுக் குழாய்களிலும் அது போயிற்று. கூட்டம் ஒரு கணம் அடங்கியது. யாரோ, "ஐயோ, ஆரம்பிச்சுட்டாருடா," என்றார்கள். என் அக்கா முகம் கண் முன்னால் வந்தது. "இடது கை சும்மா தொங்குது. அடி வாங்குனதால இல்லீங்க இது. ரெப்ரி கொஞ்சம் கவனிக்கோணும்."

அவர் மைக்கின் வால்யூமை நான் இறக்கினேன்.

யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. விரல் தானாகப் போயிற்று என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். இறக்கிய கையோடு, இடைவேளைக்காக வைத்திருந்த பம்பை மேளப் பதிவைப் போட்டுக் கூட்டிவிட்டேன். கூட்டம் மறுபடி கத்தத் தொடங்கியது. என் ஹெட்போனில் மட்டும் மாஸ்டரின் குரல். "நிறுத்துங்க. சண்டைய நிறுத்துங்க. டாக்டரக் கூப்புடுங்க. நிறுத்துங்க." மணி அடித்தது. ஒரு நிமிட இடைவேளை. அவனை மூலையில் உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். அந்த ஒரு நிமிடம் முழுக்க அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆயிரம் பேர் இருந்த மைதானத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் நான்.

பிறகு தன் குரல் குழாயில் திரும்பி வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் மிக்சரைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். மூன்றாவது ரவுண்டு தொடங்கி இருபது விநாடி இருக்கும். எதிராளி தட்டிவிட்டதைப் போலத்தான் ஓர் அடி கொடுத்தான். பெரிய அடியே இல்லை. அக்கா மகன் இரண்டு கையையும் கீழே போட்டுவிட்டு, எதையோ தேடுகிறவனைப் போலத் தரையைப் பார்த்தான். முழங்காலில் உட்கார்ந்தான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். நான் மேளத்தை நிறுத்தினேன். குழாய்கள் வெறுமனே இரைந்தன.

மலையில் இருந்த ஆம்புலன்ஸ் பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. ஒரு ஜீப்பின் பின்சீட்டை மடக்கி அவனைப் படுக்கவைத்தோம். கழுத்தைச் சுற்றித் துணியைச் சுருட்டி வைத்து, தலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மாஸ்டர் உட்கார்ந்தார். நான் கால்மாட்டில். எழுபது வளைவு. மேலிருந்து இறங்கும்போது பலகைகளில் எண்கள் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு வளைவிலும் ஜீப் சாயும், மாஸ்டரின் உடம்பு முழுவதும் சாயும், அவர் கைக்குள் அந்தத் தலை மட்டும் அசையாது. அவன் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பதாவது வளைவுக்குக் கீழே அவன் வாந்தி எடுத்தான். பத்தாவது வளைவில் அவனுக்கு இடப்பக்கம் வெட்டி வெட்டி இழுத்தது. ஊர் விளக்குகள் தெரியத் தொடங்கின. அதில் ஒன்று அக்கா வீட்டு விளக்கு என்று எனக்குத் தெரியும்.

சேலத்தில் தலையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தப்பியது. மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் மாஸ்டர் அவனுக்கு மாற்றுத்துணி வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா எழுந்து நின்றாள். "உன் நாக்கு அழுகிப் போக," என்றாள். "என்ற பையன் உனக்கு என்னய்யா பண்ணுனான்? பேசாத பேசாதன்னு சொல்லியனுப்புனேனே. கால் வராது, கை வராதுன்னு ஊரே கேக்கச் சொன்னியாமே. இப்பப் பாரு, கால் வரல, கை வரல." வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மாஸ்டர் பையை பெஞ்சின் மேல் வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் காத்திருந்தார் என்று இப்போதும் நினைக்கிறேன், இரண்டு மூன்று மூச்சு விடுகிற நேரம். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றோடு அவர் மைக்கைத் தொடவில்லை. டிவிக்காரர்கள் கூப்பிட்டும் போகவில்லை. மலையில் கருநாக்கு என்பதை அதுவரை முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் இப்போது முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவருடைய மிளகை வாங்க வருகிற வியாபாரி வீட்டு வாசலில் நின்றே எடை போட்டுக்கொண்டு போய்விடுவானாம். அவருடைய வீட்டம்மாவை ஒரு சீமந்தத்துக்கு அழைத்துவிட்டு, கடைசி நேரத்தில் வர வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்களாம். இதையெல்லாம் குழாய் கட்டப் போகிற இடங்களில் கேட்பேன். "நீதான் கிட்டவே இருந்தியே, எப்படிப் பேசுனான் பாத்தியா?" என்று என்னிடமே கேட்பார்கள். நான் வயரைச் சுற்றிக்கொண்டிருப்பேன். ஒரு தப்பைச் செய்வதற்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் ஒவ்வொரு நாளும் பாடுபட வேண்டியிருந்தது.

ஒரு வருடம் கழித்து ஒருநாள் காலை முதல் பஸ்ஸில் மாஸ்டர் காரவள்ளியில் வந்து இறங்கினார். என் கடைக்குள் வந்து, ஒரு பழைய பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது.

"தம்பிக்குக் கை எப்படி இருக்குதுங்க?"

"மூடியே இருக்குது மாஸ்டர். விரலப் பிரிச்சா வலிக்குதுங்கறான். நடக்கறான், காலை இழுத்துக்கிட்டு."

"விட்டா அப்படியே இறுகிப்போயிருங்க. தெனமும் பிரிச்சு விடோணும். எனக்குக் கை தெரியும். ராணுவத்துல இந்த மாதிரி ரெண்டு பேருக்குப் பாத்திருக்கேன்." தன் விரல்களை விரித்து மடக்கிக் காட்டினார். "ஆனா அந்த ஊட்டுக்குள்ள என்னைய விடமாட்டாங்க."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நான் குறைத்தேன் மாஸ்டர், என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ உளறினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க கொறச்சீங்க. எனக்கு அப்பவே தெரியும். அத ஒரு வருசமா நெனச்சுப் பாத்துட்டேன். ரிங்கு பத்தடி தூரம். நான் மைக்கக் கீழ போட்டுட்டு எந்திரிச்சு ஓடிருக்கலாமில்ல? கயித்துக்குள்ள பூந்து நின்னா எவன் சண்டை போடுவான்? நான் ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்து பேசிக்கிட்டு இருந்தனுங்க. பேசறதே பெரிய வேலைன்னு நெனச்சுட்டேன்." அவர் குரல் குழாயில் கேட்டதைப் போலவே மெதுவாக இருந்தது. "உங்கள மன்னிக்கறதுக்கு நான் ஆருங்க? அந்தத் தாய்கிட்டப் போய்ச் சொல்லுங்க. எனக்காக இல்ல. கை இறுகறதுக்குள்ள."

அன்றைக்கே போனேன். அக்கா, மகனுக்குச் சோறு ஊட்டி முடித்துவிட்டு, வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கப்பறம் அவரு என்ன சொன்னாரு?"

"நிறுத்துங்க, டாக்டரக் கூப்புடுங்கன்னு சொன்னாரு."

"எத்தன தடவ?"

"பதினோரு தடவ."

கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எண்ணிக்கிட்டு இருந்தியாடா?"

உள்ளே அவன் ரேடியோவைத் தட்டுத்தடுமாறித் திருப்பிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"நான் அவரப் பேசாம இருக்கச் சொல்லுன்னுதான் சொன்னேன்," என்றாள் அக்கா. "வாய அடைக்கச் சொல்லல." பிறகு, தனக்குத்தானே சொல்வதைப் போல, "அதச் சொன்னதும் நாந்தான," என்றாள். பாத்திரங்களை அடுக்கினாள். உள்ளே போகும்போது திரும்பாமல் சொன்னாள்: "அவர வரச் சொல்லு. நீ இந்தப் படியேறாத."

மூன்று வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் மாஸ்டர் முதல் பஸ்ஸில் இறங்குவார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அக்கா வீடு கொஞ்சம் உள்ளே தள்ளி. நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். அவர் உள்ளே போன பிறகு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பேன். அக்கா அவருக்குக் காப்பி கொடுப்பது தெரியும், டம்ளர் சத்தம் கேட்கும். என் பக்கம் அவள் பார்ப்பதில்லை. ஊரில் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். சிலர் நம்பினார்கள். பலருக்குப் பழைய கதைதான் பிடித்திருக்கிறது. இப்போதும் மாஸ்டரைக் கண்டால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ரேடியோ செட்டை இன்னும் விடவில்லை. ஆனால் மைக் முன்னால் யார் பேசினாலும், என்ன பேசினாலும், தொடக்கத்தில் வைத்த வால்யூமை முடியும்வரை நான் தொடுவதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்கும். "கண்ணு, பெருவிரல். இன்னொரு தடவ. வலிக்கும், வலிக்கட்டும். ஒண்ணு... ரெண்டு..." அக்கா மகன் வாய்குழறிக் கத்துவான். சில நாள் அழுவான். சில நாள் மாஸ்டரைத் திட்டுவான். அவர் குரல் மட்டும் ஏறாது, இறங்காது.

போன வாரம் அவர் வழக்கத்தைவிட நேரம் கழித்து வெளியே வந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெடுநாளாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மாஸ்டர், உங்களுக்குத் தெரியாம இருக்காது. கை திரும்ப வந்துருமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அக்கா வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கதவு நிலையைப் பிடித்தபடி காலை இழுத்து இழுத்து வெளியே வந்து, வெயில் பட நின்றான். மாஸ்டரின் கண் அவன் இடது கையில் இருந்தது. அங்கே எதைப் பார்த்தாரோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் வண்டியைக் கிளப்பாமல் இருந்தேன். அவன் உள்ளே திரும்பினான்.

"நாளன்னைக்கு மொதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாமுங்க," என்றார் கடைசியில். "மலைக்கே வண்டி கொண்டாந்துருங்க. இன்னும் ஒரு மணி நேரம் முன்னாலயே ஆரம்பிச்சாகோணும்."